வெளியே நிற்பவரின் கையெழுத்து

கேள்வி: நான் மயக்கவியல் மருத்துவர். எந்த மருத்துவமனையிலும் நிரந்தர வேலை கிடையாது. அழைப்பு வந்தால் போய்க் கேஸ் பார்ப்பேன். போன மாதம் 38 வயதுப் பெண் ஒருவருக்கு வலது சினைப்பையில் இருந்த கட்டியை லேப்ராஸ்கோபி மூலம் எடுக்க ஏற்பாடாகியிருந்தது. உள்ளே கேமராவை விட்டதும் எண்டோமெட்ரியோசிஸ் பரவிக் கிடந்தது தெரிந்தது. இடது பக்கமும் கட்டி, கருப்பை பெருங்குடலோடு ஒட்டியிருந்தது. சர்ஜன், "ரெண்டு குழந்தை இருக்கு, இனிமே எதுக்கு இது? மொத்தமா எடுத்துடலாம், இன்னொரு தடவை மயக்கம் குடுக்க வேண்டாம்" என்றார். "கன்சென்ட்ல அது இல்லையே சார்" என்றேன். சிஸ்டரை வெளியே அனுப்பிக் கணவரிடம் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார். வந்தது. கருப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு ரத்தப்போக்கோ உயிராபத்தோ இல்லை. அதன்பின் அந்த சர்ஜன் என்னைக் கூப்பிடுவதில்லை. நான் செய்தது சரியா? வேறு என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: நீங்கள் ஆட்சேபித்தது சரி. கணவர் போட்ட கையெழுத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. நிதானமாக யோசிக்கத் தெரிந்த, வயதுவந்த ஒரு பெண் மயக்கத்தில் கிடக்கிறார் என்பதற்காக, அவர் உடலைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை வராந்தாவில் நிற்பவருக்குக் கைமாறிவிடாது.

இதில் நம் நாட்டுச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின் சங்கதி, உங்கள் கேஸுக்கு ஏறக்குறைய இரட்டைப் பிறவி. 1995 மே மாதம் டெல்லியில் 44 வயதான, திருமணமாகாத பெண் ஒருவர் நிற்காத மாதவிடாய்ப் போக்குக்காக மருத்துவரிடம் போனார். லேப்ராஸ்கோபி செய்து பார்க்கவும், தேவைப்பட்டால் வயிற்றைத் திறக்கவும் எழுதிக் கையெழுத்திட்டார். அவர் பொது மயக்கத்தில் இருந்தபோது உதவி மருத்துவர் வெளியே வந்து, காத்திருந்த வயதான தாயாரிடம் கருப்பையை எடுக்க ஒப்புதல் வாங்கினார். கருப்பையோடு சினைப்பைகளும் கருக்குழாய்களும் எடுக்கப்பட்டன. தேசிய நுகர்வோர் ஆணையம் அந்தப் பெண்ணின் புகாரைத் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது.

அந்த வழக்கில் இரு தரப்புக்கும் மகப்பேறு நிபுணர்களின் சாட்சியம் இருந்தது. எடுத்தது தேவைதான் என்று ஒரு பக்கம். முதலில் வேறு சிகிச்சை பார்த்திருக்கலாம் என்று மறுபக்கம். தியேட்டருக்குள் உங்கள் சர்ஜன் சொன்னதும் முதல் பக்கத்து வாதம்தான். ஆனால் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் எழுதிய தீர்ப்பு, எந்த நிபுணர் சொல்வது சரி என்பதைக் கொண்டு ஒப்புதல் விஷயத்தை முடிவுசெய்யவில்லை. சிகிச்சை சரியாகவே இருந்திருக்கலாம், இரண்டாவது அறுவையின் வலியும் செலவும் மிச்சமாகியிருக்கலாம். அதெல்லாம் ஒப்புதலுக்கு ஈடாகாது. உயிரைக் காக்கவோ உடல்நலத்தைக் காக்கவோ அந்தக் கூடுதல் அறுவை அவசியமாக இருக்க வேண்டும். அவர் கண்விழித்து முடிவெடுக்கும்வரை காத்திருப்பது நியாயமற்றதாகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் விலக்கு. மருத்துவர் நல்ல எண்ணத்தில் செய்தார் என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டு 25,000 ரூபாய் இழப்பீடு விதித்தது, மருத்துவர் கேட்ட கட்டணத்தையும் மறுத்தது. தொகை சிறியதுதான். ஆனால் அதற்குப் பிறகு 'அம்மாகிட்ட கேட்டோம், வீட்டுக்காரர்கிட்ட கேட்டோம்' என்ற பதில் இந்திய நீதிமன்றங்களில் செல்லாக்காசாகிவிட்டது.

உங்கள் சர்ஜனை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. அவர் சொன்ன காரணங்கள் எல்லா ஊர் தியேட்டரிலும் தினம் கேட்பவை. மறுபடி மயக்கம், மறுபடி செலவு, கூலி வேலைக்குப் போகிற பெண் இன்னொரு மாதம் வீட்டில் கிடக்க வேண்டும். இவை கற்பனைக் கவலைகள் அல்ல. ஆனால் அந்தக் கவலைகள் அந்தப் பெண்ணுடையவை. எடைபோட வேண்டியவர் அவர். போதாததற்கு உங்கள் கேஸில் மருத்துவக் காரணமும் மறுபக்கம்தான் நிற்கிறது. குடலோடு ஒட்டிய கருப்பையை முன்னேற்பாடு இல்லாமல் பிரிப்பது சின்ன வேலை அல்ல. குடல் அறுவை தெரிந்த இன்னொரு சர்ஜனும், தயாராக வைத்த ரத்தமும், நோயாளியிடம் முன்கூட்டியே 'குடலில் ஓட்டை விழலாம்' என்று பேசியிருப்பதும் வேண்டும். ஒப்புக்கொண்ட வலது கட்டியை மட்டும் எடுத்து, மற்றதைக் கேமராவில் பதிவு செய்து, திசுத் துணுக்கு அனுப்பிவிட்டு மூடியிருந்தால் அந்தப் பெண் எழுந்தபின் மாத்திரையா, ஊசியா, பெரிய அறுவையா என்று உட்கார்ந்து பேசியிருக்கலாம். 38 வயதில் இரண்டு சினைப்பைகளும் போனால் மாதவிடாய் அன்றோடு நிற்கும். உடல் கொதிப்பு, தூக்கமின்மை, எலும்பு தேய்வு எல்லாம் பின்னாலேயே வரும். 'ரெண்டு குழந்தை இருக்கு' என்பது இதற்கெல்லாம் பதிலாகாது.

மேசை முன் நிற்கும்போது மனதில் வைத்துக்கொள்ள ஒரே கேள்வி போதும்: இவர் கண்விழிக்கும்வரை இது தாங்குமா? 'இது இவருக்கு நல்லதா' என்று கேட்கத் தொடங்கினால் சர்ஜன் சொல்வதே நிற்கும், ஏனென்றால் அது அவர் துறை. 'தாங்குமா' என்பதற்குப் பதில் சொல்ல உங்களுக்கும் தகுதி உண்டு. ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் உங்கள் கண் முன்னேதானே இருக்கின்றன.

கனடாவில் இரண்டு பழைய வழக்குகள் உண்டு. நமது உச்ச நீதிமன்றமும் அவற்றைப் பார்த்தது. 1933இல் நோவா ஸ்கோஷியாவில் குடலிறக்க அறுவையின் நடுவே சர்ஜன் நோயுற்ற ஒரு விரையைக் கண்டார். விட்டால் உயிருக்கும் உடலுக்கும் ஆபத்து என்று எடுத்தார். நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1949இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சிசேரியன் செய்த மருத்துவர், கருப்பையில் நார்க்கட்டிகள் இருந்ததால் அடுத்த பிரசவம் ஆபத்தாகலாம் என்று கருக்குழாய்களைக் கட்டிவிட்டார். வழக்கில் அவர் தோற்றார். அடுத்த கர்ப்பம் அன்று மாலையே வந்துவிடாது அல்லவா. வசதி வேறு, அவசியம் வேறு.

'தாங்குமா' என்ற இதே கேள்வி எதிர்த் திசையிலும் வெட்டும். பிரசவத்துக்குப் பின் கருப்பை சுருங்க மறுத்து ரத்தம் கொட்டுகிறது, மருந்தும் தையலும் பலிக்கவில்லை, கருப்பையை எடுப்பதைத் தவிர வழியில்லை என்கிறார் சர்ஜன். அப்போது ஒரு ஜூனியர் கையெழுத்துத் தேடி வராந்தாவில் அலைந்துகொண்டிருந்தால் அதுவும் தவறுதான். அங்கே யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை. ஆபத்தில் இருப்பவருக்கு நல்லெண்ணத்தோடு, ஒப்புதல் வாங்க வழியில்லாத நிலையில் செய்வதைச் சட்டம் காப்பாற்றுகிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 30. செய்துவிட்டு, அவசரம் என்ன என்பதை நேரத்தோடு எழுதி, இரண்டு மருத்துவர்கள் கையெழுத்திட்டு வையுங்கள். உறவினருக்குத் தகவல் சொல்லுங்கள். தகவல் சொல்வது, ஒப்புதல் வாங்குவது அல்ல.

சரி, அன்றைக்கு எப்படிப் பேசியிருக்க வேண்டும்? 'கன்சென்ட்ல இல்லையே சார்' என்று ஒரு முறை சொல்லி நிறுத்தியது போதவில்லை. சர்ஜனின் காதில் அது காகித வேலையாக விழுந்திருக்கும். இரண்டாவது முறை காரணத்தோடு சொல்லுங்கள்: "சார், வைட்டல்ஸ் ஸ்டேபிளா இருக்கு. அவங்க எழுந்தபிறகு கேட்டா என்ன கெட்டுப்போகும்?" இந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும், தியேட்டரில் இருக்கிற எல்லோரும் அந்தப் பதிலைக் கேட்பார்கள். மூன்றாவது முறை வழி ஒன்றைக் கையில் கொடுங்கள்: "பயாப்ஸி எடுத்துட்டு க்ளோஸ் பண்ணலாம் சார், நாளைக்கு நானே கூட இருந்து பேசறேன்." அதற்கும் மசியாவிட்டால், "இன்னொரு சீனியரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்று மூன்றாம் நபரை உள்ளே கொண்டுவாருங்கள். முகம் கொடுத்துப் பேச முடியாத பல சர்ஜன்கள் சக சர்ஜன் சொன்னால் இறங்கிவருவார்கள். இது தன்மானப் பிரச்சினை, அறிவுப் பிரச்சினை இல்லை. சிஸ்டர் வெளியே கிளம்பும்போதே, "வீட்டுக்காரர் போட்டாலும் செல்லாது சார், அவங்க மேஜர்" என்று சொல்லியிருக்க வேண்டும். கையெழுத்து உள்ளே வந்துவிட்டால் வாதம் முடிந்துபோன மாதிரி ஒரு தோற்றம் வந்துவிடுகிறது.

செய்யக்கூடாதவை இரண்டு உண்டு. கோபத்தில் மயக்கத்தைக் குறைத்துவிடுவேன் என்று மிரட்டுவதும், தியேட்டரை விட்டு வெளியேறுவதும். வயிறு திறந்திருக்கும்போது நோயாளியின் மூச்சு உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் ஒப்புக்கொள்ளாத அறுவை நடந்தாலும் அவரைப் பத்திரமாக எழுப்புவது உங்கள் வேலை. நீங்கள் கடைசிவரை அங்கே நின்றது குற்றத்துக்கு உடந்தை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எழுதி வைப்பதைப் பற்றி. மயக்க மருந்துக் குறிப்பேடு உங்களுடையது, அதில் உங்கள் கை மட்டுமே ஓட வேண்டும். 'சர்ஜன் அடாவடி செய்தார்' என்று எழுதாதீர்கள். '11.20: கருப்பை அகற்றல் குறித்து முன் ஒப்புதல் இல்லை என்று தெரிவித்தேன். நோயாளியின் நிலை சீராக உள்ளது. அறுவை மருத்துவர் தொடர முடிவு செய்தார்.' இவ்வளவு போதும். நடந்தது, நேரம், யார் சொன்னது. அன்றே எழுதுங்கள்; மறுநாள் எழுதினால் மறுநாள் தேதியைப் போடுங்கள். பின்தேதியிட்ட ஒரு வரி, உண்மையாக எழுதிய பத்து வரிகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும். 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறைகளின்படி உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்தப் பெண் என்றாவது கேட்பார். அவர் கையில் போகும் தாளில் உங்கள் வரி இருக்க வேண்டும்.

இனி உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத கேள்வி: அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கணவருக்குத் தெரியும், சிஸ்டருக்குத் தெரியும், நமக்கும் தெரியும். 'கட்டி பெருசா இருந்துச்சு, சுத்தம் பண்ணிட்டோம்' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பும் பழக்கம் இருக்கிறது. சினைப்பைகள் இல்லை என்று தெரியாத பெண், ஆறு மாதம் கழித்து வேர்த்துக் கொட்டுகிறது, தூக்கம் வரவில்லை என்று வேறு ஒரு மருத்துவரிடம் போய் ரத்த அழுத்த மாத்திரையோ தூக்க மாத்திரையோ வாங்கிவருவார். ஹார்மோன் சிகிச்சை வேண்டுமா, எலும்புக்கு என்ன செய்வது என்பதெல்லாம் இப்போதே பேச வேண்டியவை. உண்மையைச் சொல்வது இங்கே சிகிச்சையின் ஒரு பகுதி.

சொல்ல வேண்டியவர் சர்ஜன். இந்த வாரமே அவரிடம் போய், "நீங்க சொல்லிடுங்க சார், நான் கூட நிற்கிறேன்" என்று கேளுங்கள். இனி வரும் கேஸ்களில், மயக்கம் தெளியும் அறையில் வைத்து எதையும் சொல்லாதீர்கள். மிடசோலம் கொடுத்திருந்தால் கேட்டது மனதில் தங்காது. மறுநாள், தெளிவாக உட்கார்ந்திருக்கும்போது, அவர் விரும்பும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். சர்ஜன் மறுத்தால் மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அந்தப் பெண்ணே உங்களை நேரில் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். மருத்துவமனைக்குள் எதுவும் அசையாவிட்டால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இருக்கிறது. சக மருத்துவரின் நெறிதவறிய நடத்தையை அச்சமோ தயவோ இல்லாமல் வெளிப்படுத்த வேண்டும் என்று அதே 2002 ஒழுங்குமுறைகள் 1.7இல் சொல்கின்றன. முதல் நாளே கவுன்சிலுக்கு ஓடச் சொல்லவில்லை. படிகளை ஒவ்வொன்றாக ஏறுங்கள், ஒவ்வொரு படியிலும் ஒரு கடிதம் இருக்கட்டும்.

அடுத்த கேஸுக்கு வருவோம். இந்தச் சண்டைகளில் பெரும்பாலானவை தியேட்டருக்கு முந்தைய நாள் போட்டிருக்க வேண்டியவை. மயக்க மருந்துக்கு முன் நோயாளியைப் பார்க்கும்போது எடையும் பல்லும் பழைய வீசிங்கும் கேட்கிறோம். அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: "உங்களுக்கு என்ன ஆபரேஷன்னு சொன்னாங்க?" அவர் தன் வாயால் சொல்லட்டும். 'கட்டி எடுக்கறாங்க' என்று அவர் சொல்லி, தியேட்டர் பட்டியலில் வேறு இருந்தால் அன்றிரவே சர்ஜனுக்குப் போன் போடுங்கள். இரவில் போனில் கேட்பதற்கும் காலையில் பத்துப் பேர் நடுவே கேட்பதற்கும் சர்ஜனின் குரலே வேறு. மறுநாள் காலையில் உங்களுக்கு இன்னொரு பிடி இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலின் முதல் கட்டமே, மயக்கம் கொடுக்கும் முன் ஆளையும் இடத்தையும் அறுவையையும் ஒப்புதலையும் நோயாளியிடமே சரிபார்ப்பதுதான். அந்தக் கட்டத்தில் ஊசி உங்கள் கையில். சந்தேகம் தீரும்வரை போடாதீர்கள். போட்டபிறகு நிறுத்துவதைவிட ஆயிரம் மடங்கு சுலபம்.

படிவத்தின் வாசகத்தையும் பாருங்கள். 'தேவையான எல்லா அறுவைகளுக்கும் சம்மதிக்கிறேன்' என்று அச்சடித்த ஒற்றை வரியை நம்பி யாரும் கத்தி எடுக்கக் கூடாது. சர்ஜன் எதிர்பார்க்கக்கூடியதை முன்கூட்டிப் பெயர் சொல்லி வாங்கலாம். உச்ச நீதிமன்றமே அந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது. கட்டி எண்டோமெட்ரியோசிஸாக இருந்தால் என்ன, ரத்தப் பரிசோதனையில் சி.ஏ. 125 கூடியிருந்து புற்று சந்தேகம் வந்தால் என்ன, மறு சினைப்பையும் கெட்டிருந்தால் என்ன, எதை மட்டும் தொடக் கூடாது. கடைசிக் கேள்விக்கு வரும் பதில் சர்ஜனுக்கும் ஒரு பாதுகாப்பு. ஆங்கிலப் படிவத்தைத் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவரிடம் நீட்டி, ட்ராலியில் படுத்தபிறகு கட்டை விரல் வாங்குவது ஒப்புதல் ஆகாது என்று நான் தனியாகச் சொல்ல வேண்டுமா?

கணவர் கையெழுத்து பற்றிப் பலருக்கும் குழப்பம். மலடாக்கக்கூடிய அறுவைக்குக் கணவன் மனைவி இருவரின் ஒப்புதலும் வேண்டும் என்று 2002 ஒழுங்குமுறை சொல்கிறது. அரசின் குடும்பக் கட்டுப்பாட்டு வழிகாட்டுதல்களோ துணைவரின் ஒப்புதல் தேவையில்லை என்கின்றன. கருக்கலைப்புச் சட்டம் 1971இலிருந்தே 18 வயது நிறைந்த பெண்ணின் ஒப்புதலைத்தான் கேட்கிறது. இந்த முரணில் மாட்டிக்கொள்ள வேண்டாம். மருத்துவமனை கேட்டால் கணவர் கையெழுத்து கூடுதலாக இருக்கட்டும், மனைவியின் கையெழுத்துக்குப் பதிலாக ஒருபோதும் வேண்டாம்.

ஸ்பைனலில் செய்யும் சிசேரியன் தனிக்கதை. தாய் விழித்திருக்கிறார், பேசுகிறார், ஆகவே 'இப்பவே கு.க. பண்ணிடலாமாம்மா?' என்று திரைக்கு மேலே தலையை நீட்டிக் கேட்கிறார்கள். கால் மரத்து, கை இரண்டும் விரித்து, குழந்தை அழுததா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பவர் சொல்லும் 'சரிங்க டாக்டர்' எனக்குச் சம்மதமாகத் தெரியவில்லை. மருந்து கொடுத்து அரைத் தூக்கத்தில் இருந்தால் சட்டப்படியும் செல்லாது. கர்ப்பகாலத்திலேயே பேசி எழுதியிருந்தால், மேசையில் ஒரு முறை உறுதிசெய்துகொள்வது நல்லது. புதிதாகத் தொடங்கினால் வேண்டாம். காப்பர்-டிக்கும் இதே நியாயம்தான்.

ரத்தம் ஏற்றுவதில் மட்டும் நீங்கள் பார்வையாளர் அல்ல. தியேட்டரில் பையை மாட்டுவது நீங்கள்தான். மத நம்பிக்கையால் ரத்தம் வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டி எழுதியிருந்தால் அவசரம் என்ற விலக்கு அங்கே உதவாது. கனடாவின் ஒன்டாரியோவில், அப்படிச் சொல்லும் அட்டையைப் பையில் வைத்திருந்த விபத்து நோயாளிக்கு ரத்தம் ஏற்றி உயிரைக் காத்த மருத்துவர் 20,000 டாலர் கொடுக்க வேண்டும் என்ற தீர்ப்பை 1990இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. கேட்காமல் விட்டதும், கேட்டு மறுத்ததும் ஒன்றல்ல. அப்படிப்பட்ட கேஸை உங்கள் மனம் ஏற்காவிட்டால் முதல் நாளே விலகிக்கொண்டு வேறொருவரை ஏற்பாடு செய்யுங்கள்.

கடைசியாக, அழைப்பு நின்றுபோனது. இது சின்ன விஷயமில்லை. ஊரில் நாலு நர்சிங் ஹோம், இரண்டு பெரிய சர்ஜன்கள், அவர்கள் போனை நம்பி உங்கள் வருமானம். தனியாகப் பேசுகிறவரை ஓரம் கட்டுவது சுலபம். அடுத்த நாளே வேறொருவரைக் கூப்பிடுவார்கள். எனவே உங்கள் ஊர் மயக்கவியல் மருத்துவர்கள் நாலைந்து பேராவது உட்கார்ந்து இரண்டு விஷயங்களைப் பேசி முடிவெடுங்கள். முதல் நாள் நோயாளியைப் பார்க்காமல் திட்டமிட்ட கேஸ் எடுப்பதில்லை. பட்டியலில் இல்லாத உறுப்பு எதையும், அவசரம் இல்லாதபோது, உறவினர் கையெழுத்தை வைத்து எடுக்க உடன்படுவதில்லை. இதை ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திட்டு எல்லா மருத்துவமனை நிர்வாகத்துக்கும் அனுப்பிவிடுங்கள். சர்ஜன்களில் பாதிப் பேர் உள்ளூர நன்றி சொல்வார்கள். வழக்கு வந்தால் அவர்கள் பெயர்தானே முதலில் நிற்கும். மீதிப் பேர் முறைப்பார்கள். ஆனால் அடுத்த போன் யாருக்குப் போட்டாலும் அதே பதில்தான் கிடைக்கும்.